வெள்ளைத் துணியும் கலைக்கூடமும்: கெடா தோட்டத் தமிழரிடையே மாற்றுத் திரைப்படம்

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' முதன்முதலாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது கல்கத்தாவில் அன்று. 1955ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், நியூயார்க் நகரின் நவீன கலை அருங்காட்சியகத்தில் அது திரையிடப்பட்டது. பணமின்றிப் படப்பிடிப்பு பாதியில் நின்றிருந்த காலத்தில் அவ்வருங்காட்சியகத்தைச் சேர்ந்த மன்றோ வீலர் கல்கத்தாவுக்கு வந்திருந்தார். அதுவரை எடுக்கப்பட்டதன் ஒளிப்படங்களைக் கண்ட அவர், தம் நிறுவனம் நடத்தவிருந்த இந்தியக் கலை விழாவுக்கு இப்படம் வேண்டும் என்று கேட்டார். மேற்கு வங்க அரசு பணம் தந்தது. படத்தின் பெயரில் பாதை இருந்தமையால் சாலை மேம்பாட்டுக் கணக்கில் அத்தொகை எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் செய்தி நம்மில் பலர் கேட்டதே. கல்கத்தாத் திரையரங்குகளுக்குப் படம் வந்து சேர்ந்தது அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில்தான்.

சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2005இல், தீபக் குமாரன் மேனன் இயக்கிய 'செம்மண் சாலை' நெதர்லாந்தின் ரோட்டர்டாம் அனைத்துலகத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. 1960களின் இரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டும் குடும்பத்தில் பிறந்து, மேற்படிப்பை விரும்பும் பெண்ணின் கதை அது. அதே ஆண்டு பிரான்சு நாட்டின் நாந்த் நகரில் நடைபெறும் மூன்று கண்டங்களின் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசையும் பெற்றது. மலேசியத் தமிழ்ப் படமொன்று உலக அரங்கில் இவ்வாறு கவனிக்கப்பெற்றது அரிய நிகழ்ச்சி. ஆயினும் அப்படத்தின் மாந்தரைப் போன்றோர் இன்றும் வாழும் சுங்கை பட்டாணியிலும் பாடாங் செராயிலும் அதனைப் பார்த்தவர்களை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன். தமிழாசிரியர்களிடம் கேட்டால்கூட, "பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

கலைக்கூடத் திரையிடல் என்பது யாது, அது நம் தோட்டப்புற வாழ்வுக்கு உண்மையிலேயே அயலானதா என்னும் இரண்டு வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

கலைக்கூடம் செய்வது என்ன?

நியூயார்க் அருங்காட்சியகம் 1935இல் தன் திரைப்பட நூலகத்தைத் தொடங்கியது. ஐரிஸ் பாரி என்னும் அம்மையார் அதன் முதல் காப்பாளர். ஓவியத்தையும் சிற்பத்தையும் சேர்த்துவைக்கும் இடத்தில், ஓடி முடிந்ததும் தூக்கியெறியப்பட்ட படச்சுருள்களைச் சேர்ப்பது அக்காலத்தில் விந்தையாகவே தோன்றியிருக்கும். அடுத்த ஆண்டு பாரிசில் ஆன்றி லாங்லுவாவும் நண்பர்களும் சினிமாதெக்கை நிறுவினர். இந்தியாவில் 1947இல் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் தொடங்கிய கல்கத்தாத் திரைப்படக் கழகம், 1957இல் தோன்றிய சென்னைத் திரைப்படக் கழகம், 1964இல் புனேயில் அமைந்த தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஆகியவை இவ்வழியில் வந்தவை.

இவ்வமைப்புகள் கட்டடத்தால் ஒன்றுபடவில்லை; சில கழகங்களுக்குச் சொந்தக் கூரைகூடக் கிடையாது. ஒன்றுபடுவது நடைமுறையில். படம் காரணத்தோடு தேர்ந்தெடுக்கப்படும். பார்வையாளர் கையில் ஒரு தாளாவது இருக்கும். இயக்குநர் யார், எக்காலத்துப் படம், ஏன் இன்று காட்டப்படுகிறது என்பன அதில் இருக்கும். இடைவேளையின்றிப் படம் ஓடும். முடிந்தபின் விளக்கைப் போட்டு எல்லாரையும் வெளியேற்ற மாட்டார்கள். பேச்சு தொடங்குவதே அப்போதுதான். வணிகத் திரையரங்கில் படம் வெள்ளிக்கிழமை வந்து, கூட்டம் குறைந்தால் அடுத்த வாரம் போய்விடும். கலைக்கூடத்திலோ நாற்பது பேர் வந்தால் அது வெற்றி.

வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்த காலத்தில் அந்நகரக் கலைக்கூடம் ஒன்றின் சிறு அரங்கில் நான் தவறாமல் போய் அமர்வதுண்டு. முதல் சில வாரங்கள் அங்கு நிலவிய அமைதி என்னைத் துன்புறுத்தியது. யாரும் முறுக்குக் கடிக்கவில்லை. கதாநாயகன் வந்தபோது யாரும் விசிலடிக்கவில்லை. இது நமக்கு உரிய இடமன்று என்றே நினைத்தேன். பின்னர் ஒரு மாலை, எந்த நாட்டுப் படம் என்பது இங்கு முக்கியமன்று, கரும்புத் தோட்டத் தொழிலாளர் பற்றிய ஒன்றைக் காட்டினார்கள். படம் முடிந்ததும் ஒரு முதியவர் எழுந்து, தம் தந்தையார் அத்தகைய தோட்டத்திலிருந்து வந்தவர் என்று தொடங்கி, கால் மணிநேரம் பேசினார். ஒருவரும் அவரை நிறுத்தவில்லை. அப்போது எனக்கு நினைவு வந்தது எங்கள் தோட்டத்துத் திடல்.

திடலில் கட்டிய துணி

தோட்டங்களில் 'படம் காட்டுதல்' என்னும் வழக்கம் எப்படி வளர்ந்தது என்பதற்கு அரசு சார்ந்த ஒரு வரலாறு உண்டு. 1946இல் மலாயாத் திரைப்படப் பிரிவு அமைந்தது. 1963இல் அது ஃபிலெம் நெகாரா மலேசியா ஆயிற்று. செய்திப் படங்களும் உடல்நலப் படங்களும் மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் குரல் பெற்றன. அவசரகாலத்தில் (1948-1960) தகவல் துறையின் நடமாடும் வண்டிகள் புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்றன. அவற்றின் நோக்கம் பரப்புரை, அதனை மறைப்பதற்கில்லை. கொசுவை ஒழிக்கவும் அரசை நம்பவும் மக்களுக்குச் சொல்லவே அவை வந்தன.

ஆயினும் வந்த கருவி தங்கிவிட்டது. திருவிழாக் காலங்களில் கோயிற் குழுவே பணம் திரட்டிப் படப்பொறியை வாடகைக்கு எடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. தென்கெடாவில் நான் சிறுவனாய் இருந்த தோட்டத்தில் 1980களின் நடுப்பகுதிவரை இது நீடித்தது. பந்துத் திடலின் இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். கிராணி குடும்பத்துக்கு முன்வரிசையில் நாற்காலி; லயத்து மக்களுக்குச் சாக்கும் பாயும். இடம் போதாதபோது சிறுவர்கள் துணிக்குப் பின்னால் போய் அமர்வோம். எழுத்துகள் தலைமாறித் தெரியும், நாயகன் இடக்கையால் வாள் வீசுவான். காற்றடித்தால் அவன் முகம் உப்பும். ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மாட்டும் சில நிமிடங்களில் திடல் முழுவதும் பேசும்: கதையைப் பற்றி, மாமியாரைப் பற்றி, சம்பளத்தைப் பற்றி, தங்கள் தோட்டத்தில் அதுபோல் நடந்ததைப் பற்றி.

அத்திடலில் ஓடியவை கலைப்படங்கள் அல்ல, எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களே. பழைமையை நான் மெருகூட்ட விரும்பவில்லை. நாற்காலிக்கும் சாக்குக்கும் இடையே இருந்த தூரம் இனிய நினைவு அன்று. ஆனால் கூடிப் பார்த்தல், பார்த்ததைத் தம் வாழ்வோடு ஒட்டிப் பேசுதல் என்னும் இரண்டும் அங்கு இருந்தன. கலைக்கூடங்கள் பெரும்பொருள் செலவிட்டு உருவாக்க முயலும் பழக்கம் இதுவே. ஒளிப்பேழை நாடாக்கள் வீட்டுக்கு வீடு வந்தபோது திடல் வெறுமையானது. அதன்பின் தோட்டங்களே கலைந்தன. பால்மரம் செம்பனைக்கு வழிவிட்டது. தோட்டத்து நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. கூலிமில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. லயத்து மக்கள் நகர்ப்புறத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினர். வாழ்வு கலைந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் அவ்வாழ்வைப் பற்றிய படங்கள் தோன்றத் தொடங்கின. பார்க்க வேண்டியவர்கள் கூடுவதற்கோ திடல் இல்லை.

சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) இச்சிதறலையே பொருளாகக் கொண்டது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம், 1990களின் தொடக்கம், அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், குண்டர் கும்பலில் ஒரு சித்தப்பா. தலைப்பே 'ஜஹாட்' என்னும் மலாய்ச் சொல் நம் நாவில் திரிந்த வடிவம். வகுப்பறையில் நாம் திருத்தும் தமிழ் அப்படத்தில் உயிரோடு உலவுகிறது. மொழியியல் கற்பிப்போர்க்கு அது ஒரு களஞ்சியம். 2016இல் நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் அமையாத படங்களைத் தனிப்பிரிவில் வைத்தமை பெரும் விவாதத்தை எழுப்பிற்று. பிரிவுகள் மாற்றியமைக்கப்பட்டபின் சிறந்த மலேசியப் படமாக 'ஜகாட்' தெரிவானது.

அறுபது கிலோமீட்டர்

கெடாவில் கலைக்கூடமே இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. அலோர் ஸ்டாரில், ஸாஹிர் பள்ளிவாசலுக்கு அருகே, மாநில ஓவியக்கூடம் இருக்கிறது. ஆனால் தமிழர் செறிந்து வாழ்வது தெற்கே, கோல மூடா, கூலிம் மாவட்டங்களில். சுங்கை பட்டாணியிலிருந்து அலோர் ஸ்டாருக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தோட்டத்தில் ஓய்வு பெற்ற ஒருவர் இரவுக் காட்சிக்காக அவ்வளவு தூரம் போவார் என்று எதிர்பார்ப்பது வீண். மெர்போக்கிலுள்ள லெம்பா பூஜாங் தொல்லியல் அருங்காட்சியகம் நமக்கு அருகில் உள்ளது. கடாரத்தைக் காட்ட மாணவரை அங்கு அழைத்துச் செல்லாத தமிழ்ப்பள்ளி அரிது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கற்களைக் காட்டும் நாம், தாத்தா வெட்டிய பால்மரத்தைப் பற்றிய படத்தை ஏன் காட்டுவதில்லை என்பதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை.

மக்கள் வரவில்லையெனில் படம் மக்களிடம் போகலாம். இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு கேரளத்தில் உண்டு. அதன் நாயகரோ தமிழ்த் திரைக்கும் உரியவர். ஜான் ஆபிரகாம் தமிழில் எடுத்த 'அக்ரகாரத்தில் கழுதை' (1977), வெங்கட் சாமிநாதனின் திரைக்கதையில் உருவானது. தேசிய விருது பெற்றும் திரையரங்குகள் அதற்குக் கதவு திறக்கவில்லை. பின்னாளில் ஒளிபரப்புவதாக அறிவித்த தூர்தர்ஷனும் எதிர்ப்புக்கு அஞ்சிக் கைவிட்டது. அதற்கு முன்பே, ஜெயகாந்தன் தம் நாவலைத் தாமே படமாக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' (1965) தேசிய அளவில் பாராட்டுப் பெற்றும் அரங்குகளின்றித் தவித்தது. ஜான் இந்நிலையிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். 1984இல் நண்பர்களோடு ஒடேசா என்னும் கூட்டமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகச் சென்று மக்களிடம் சிறுதொகை பெற்று 'அம்ம அறியான்' (1986) படத்தை எடுத்து, அதே ஊர்களுக்கு எடுத்துச் சென்று காட்டினார்.

நம் நாட்டில் இதனைச் செய்ய முற்படுவோர் ஒன்றை மறத்தலாகாது. 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டம் வணிகத் திரையரங்குகளுக்கு மட்டும் உரியதன்று. இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை 2013 ஜூலையில் கோலாலம்பூரில் ஒரு மண்டபத்தில் காட்டியதற்காக ஏற்பாட்டாளர் மீது வழக்குத் தொடரப்பட்டு, 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. ஆகவே தணிக்கை பெற்ற படத்தைத் தேர்தலும், உரிமையாளரிடம் எழுத்து வடிவில் இசைவு பெறுதலும் முதற்பணி. மற்றவை எளியவை: கோயில் மண்டபம், பள்ளி ஒளிவீச்சுப் பொறி, நல்ல ஒலிபெருக்கி. ஒலி கெட்டால் முதியோர் எழுந்து போய்விடுவர். துணி சுருங்கியிருந்தால் பொறுத்துக்கொள்வர்.

சில ஆண்டுகளுக்கு முன், உரிய அனுமதிகளோடு, தோட்ட வாழ்வு பற்றிய படம் ஒன்றை எங்கள் பகுதிக் கோயில் மண்டபத்தில் மாணவர்களோடு காட்டினேன். ஐம்பது பேருக்கும் குறைவு. பாதிப் பேர் எழுபதைக் கடந்தவர்கள். படம் முடிந்ததும் ஒரு மாணவர் எழுந்து, கதை மிக மெதுவாக நகர்கிறது என்றார். பின்வரிசையிலிருந்த பாட்டி ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை. "லயத்துல அப்படித்தான் தம்பி இருந்திச்சு. விடியக்காலம் பெரட்டுக்கு ஓடுறது ஒண்ணுதான் வேகம். மத்ததெல்லாம் காத்துக்கிட்டு கெடந்ததுதான்," என்றார். எதற்குக் காத்திருந்தீர்கள் என்று மாணவர் கேட்டார். மழை விடுவதற்கு, சம்பள நாளுக்கு, ஆயாக்கொட்டகையில் விட்ட பிள்ளையைத் தூக்குவதற்கு, நீலநிற அடையாள அட்டைக்கு என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அக்கடைசிச் சொல்லைக் கேட்டதும் மண்டபத்தில் இன்னும் மூவர் பேசத் தொடங்கினர்.

ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுவர நான் மறந்திருந்தேன். என் மாணவி ஒருவர் கைத்தொலைபேசியில் பதிந்த ஏறத்தாழ நாற்பது நிமிடம் மட்டும் எஞ்சியது. புறப்படும்போது அப்பாட்டி என்னிடம் கேட்டது ஒன்றே: "அடுத்த தடவ எப்ப போடுவீங்க? லூனாஸ்ல எங்கக்கா இருக்காங்க. அவங்களுக்கு என்னவிட நல்லா ஞாபகம் இருக்கு."