குட்டையைக் குழப்பாமல்

இங்கிலாந்தின் வயல்வெளிக் குளங்களில் கொண்டை நியூட் என்றொரு பிராணி வாழ்கிறது. தவளைக்கு உறவு, பார்வைக்குப் பல்லி. கறுத்த சொரசொரத் தோல், ஆரஞ்சு வயிறு. இணைசேரும் பருவத்தில் ஆணின் முதுகில் ரம்பப் பல் வரிசையாகக் கொண்டை எழும்பும். சட்டம் காக்கும் இனம் இது. அது இருக்கும் குளத்தைத் தூர்த்து வீடு கட்ட உரிமம் வேண்டும்.

முன்பு அதைத் தேடுவது பெரும்பாடு. இரவில் டார்ச் அடிக்கணும், பாட்டில் பொறி வைக்கணும், ஒரே குளத்துக்கு நாலு நடை போகணும். 2014-இல் நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு சுற்றுச்சூழல் டி.என்.ஏ. சோதனையை ஏற்றுக்கொண்டது. நியூட் உதிர்க்கும் தோலும் சளியும் கழிவும் நீரில் கலக்கின்றன. அவற்றின் டி.என்.ஏ. சில வாரங்கள்கூடத் தங்கும்.

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் கடைசிக்குள், கரையைச் சுற்றி 20 இடங்களில் கரண்டியால் 30 மி.லி. வீதம் மொண்டு ஒரே பையில் சேர்ப்பார்கள். குலுக்கி, எத்தனால் உள்ள ஆறு குழாய்களில் 15 மி.லி. வீதம் ஊற்றுவார்கள். தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. சேறு கலங்கினால், எப்போதோ அடியில் படிந்த டி.என்.ஏ.வும் மேலே வந்துவிடும். ஆய்வகத்தில் நடப்பது, கொரோனாவுக்கு நாம் மூக்கைக் காட்டிய அதே பி.சி.ஆர். ஒரு மாதிரிக்கு 12 தடவை.

இதன் உண்மையான பயன் குளங்களைச் சீரமைப்பதில்தான் என்பேன். இப்போது பல மாவட்டங்களில், கட்டுநர் தரும் பணத்தில் வேறிடத்தில் குளம் வெட்டுகிறார்கள். பழையதைத் தூர்வாரி, கவிந்த மரங்களைக் கழித்து வெயில் விழ வைக்கிறார்கள். எங்கே வெட்டுவது? நியூட் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் போகாது. அது இல்லாத வட்டாரத்தில் வெட்டினால் பணம் வீண். நூற்றுக்கணக்கான குளங்களின் நீரைச் சோதித்து வரைந்த வரைபடம் அங்கே கைகொடுக்கிறது.

எத்தனை நியூட், குஞ்சு பொரிக்கிறதா என்பதை நீர் சொல்லாது. குஞ்சு பொரிக்கிறதா என்று அறிய, நியூட் முட்டையிட்டு மடித்து ஒட்டிய இலைகளை விரித்து முட்டை தேடத்தான் வேண்டும். ஆனால், நியூட்டுக்கென எடுத்த மாதிரியிலேயே மீனின் டி.என்.ஏ.வையும் பார்த்துவிடலாம். மீன் நியூட் குஞ்சுகளைத் தின்றுவிடும். அதனால், மீன் தங்க முடியாதபடி எப்போதாவது வற்றிப்போகும் குளமே நியூட்டுக்கு நல்லது. வற்றாத குளமே நல்ல குளம் என்ற நம் கணக்கு இங்கே செல்லாது.