வெண்கலக் குதிரையும் ஆறு மில்லிமீட்டரும்

பழம்பொருள் கடை ஒன்றில் இரண்டு வெண்கலக் குதிரைகள் அருகருகே நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே பந்தயக் குதிரையின் உருவம். ஒரே நிறம். பீடத்தில் ஒரே சிற்பியின் கையொப்பம். ஆனால் ஒன்று அசல். மற்றது அதைப் பார்த்து வார்த்த போலி. எது அசல் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? கையிலுள்ள அளவுகோலை எடுங்கள் என்கிறது பௌதிகம்!

19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் விலங்குகளை வெண்கலத்தில் வடிப்பது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. 1862இல் பிறந்த கிளாடியாத்தேர் என்னும் பிரெஞ்சுக் குதிரை, 1865இல் டெர்பி உட்பட இங்கிலாந்தின் மூன்று பெரும் பந்தயங்களை வென்றது. பிரான்சில் பிறந்த குதிரை டெர்பியை வென்றது அதுவே முதல் தடவை. வாட்டர்லூ போரில் பிரான்சு தோற்று அப்போது 50 ஆண்டுகள் ஆகியிருந்தன. எனவே, ‘வாட்டர்லூவுக்குப் பழிவாங்கிய குதிரை’ என்று மக்கள் அதைக் கொண்டாடினர். 1876இல் அது இறந்தது. சிற்பி இசிதோர் போனர் வடித்த அதன் வெண்கலச் சிலையைப் பாரிசின் லோன்ஷான் பந்தயத் திடலில் காணலாம். புகழ்பெற்ற குதிரைகளின் சிறிய உருவங்களும் வீடுகளில் வைப்பதற்காக வார்க்கப்பட்டன.

வார்ப்பது எப்படி?

சிற்பி முதலில் மெழுகிலோ களிமண்ணிலோ உருவம் செய்வார். அதிலிருந்து உறுதியான மூல உருவம் ஒன்று தயாராகும். அதைக் களி கலந்த நுண்மணலில் பதித்து எடுத்தால் அச்சு கிடைக்கும். அச்சின் நடுவே ஒரு மணற்கட்டியை வைத்து, இடைவெளியில் உருகிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். இதனால் சிலையின் உட்புறம் கூடாக அமையும். ஒரே மூல உருவத்திலிருந்து ஒரே அளவுள்ள பல சிலைகளை வார்க்கலாம். அவை எல்லாம் அசலே.

சுருங்கும் உலோகம்

செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம். 1 மீட்டர் நீளமுள்ள வெண்கலம் 1 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் சுமார் 0.018 மி.மீ. சுருங்கும். இது மிகச் சிறிய அளவுதான். ஆனால் இறுகிய உலோகம் அறை வெப்பநிலைக்கு வர ஏறத்தாழ 900 டிகிரி குளிர வேண்டுமே! பெருக்கிப் பாருங்கள்: மீட்டருக்கு 16 மி.மீ. வரும்.

குளிரும்போது பொருள்கள் சுருங்குவதை நீங்களே காணலாம். பெரியவர் ஒருவரின் துணையுடன், உருகிய மெழுகைக் கிண்ணத்தில் ஊற்றி ஆறவிடுங்கள். நடுவில் குழி விழும்.

போலி செய்பவரிடம் மூல உருவம் இராது. ஆகவே அவர் அசல் சிலையிலிருந்தே அச்சு எடுக்கிறார். அந்த அச்சில் ஊற்றிய உலோகம் மீண்டும் சுருங்கும். 40 செ.மீ. நீளமுள்ள குதிரை ஏறத்தாழ 6 மி.மீ. குறைந்துவிடும்! பிடரி மயிரின் இழைகளும் தோலுக்கடியில் புடைத்த நரம்புகளும் மழுங்கும். கையொப்பமும் அச்சில் பதிந்து வருவதால் அதை மட்டும் நம்ப இயலாது.

அளவு ஒன்றே முடிவான சான்றன்று. சிற்பியே ஓர் உருவத்தைப் பல அளவுகளில் செய்திருக்கலாம். வெண்கல நிறம் பூசிய துத்தநாகச் சிலைகளும் உண்டு. அவற்றின் அடியில் இலேசாகச் சுரண்டினால் வெண்சாம்பல் நிறம் தெரியும், வெண்கலமாயின் பொன்னிறம் மின்னும். சிலையைச் சுரண்டாமலே எக்ஸ் கதிர்களைக் கொண்டு உலோகக் கலவையை அறியவும் இன்று முடிகிறது.

ஏமாந்தால் பணம் போகும். அது மட்டுமா? உயிருள்ள குதிரையைப் பார்த்துச் சிற்பி பதித்த நுட்பங்களில் ஒரு பகுதி ஒவ்வொரு நகலிலும் அழிகிறது. நகலின் நகலில் எஞ்சுவது, ஏதோ ஒரு குதிரைதான்.