உஷார்! வலி போச்சுன்னு சைக்கிளில் ஏறிடாதீங்க!

சைக்கிளிலிருந்து கீழே விழுந்தீர்களா? எழுந்து, மண்ணைத் தட்டி, கோணிக்கொண்ட ஹேண்டில்பாரை நேராக்கி, வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டே வந்துவிட்டீர்களா? "லேசான அடிதான்" என்று வீட்டில் சொல்லிவிட்டு, குளித்து ஆபீசுக்கும் கிளம்பிவிட்டீர்களா?

கொஞ்சம் நில்லுங்கள். முதலில் இதைப் படியுங்கள்.

விழுந்த அன்றைக்கு வரும் ஆபத்து பாதிதான். மீதிப் பாதி அடுத்து வரும் வாரங்களில், நம்முடைய அவசரத்தில் இருக்கிறது. வலி போனது வேறு. ஆறியது வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து மறுபடி ஏறியவர்கள்தான் இன்று எலும்பு டாக்டர் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி. பெயர் வேண்டாம். வயது நாற்பதைத் தொடும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈ.சி.ஆர். பக்கம் போகும் கூட்டத்தில் அவரும் ஒருவர். கோவளம் தாண்டி ஓரிடத்தில், கடற்காற்று அள்ளிக் கொண்டுவந்த மணல் ரோட்டோரம் மெல்லிசாகப் படிந்திருந்தது. இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. முன்சக்கரம் வழுக்கியது. ஆள் கீழே. விழுகிற எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். உள்ளங்கையை ஊன்றினார்.

முட்டியில் சிராய்ப்பு, மணிக்கட்டில் கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான் வெளியே தெரிந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு முறிவு எதுவும் தெரியலை. ஆனா வலி நிக்கலைன்னா பத்து நாள்ல கண்டிப்பா திரும்ப வாங்க" என்றார் டாக்டர். தம்பி காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது.

கிரேப் பேண்டேஜ் சுற்றினார். வலி மாத்திரை போட்டார். வீக்கம் வடிந்தது. வலியும் ஏறக்குறைய நின்றுபோனது. மூன்றாவது வாரமே சைக்கிளை எடுத்துவிட்டார். பிரேக்கை அழுத்தும்போது கட்டைவிரல் பக்கம் ஒரு சுருக். அவ்வளவுதானே என்று விட்டுவிட்டார். மாதங்கள் ஓடின. ஒருநாள் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகப் போனவர் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவிதான் விடாமல் இழுத்துக்கொண்டு போய் மறுபடி படம் எடுக்க வைத்தார்.

எலும்பு உடைந்திருந்தது. விழுந்த அன்றே உடைந்தது. சேரவே இல்லை.

அந்த எலும்புக்குப் பெயர் ஸ்கேஃபாய்டு. முந்திரிப்பருப்பு அளவுதான் இருக்கும். உங்கள் கையிலேயே பார்த்துவிடலாம். கட்டைவிரலை விறைப்பாக மேலே தூக்குங்கள். அதன் அடியில், மணிக்கட்டோரமாக, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம் விழுகிறதா? அதற்கு அடியில்தான் இருக்கிறது. கையை ஊன்றி விழுந்தவர், அந்தப் பள்ளத்தில் விரல் வைத்து அழுத்தும்போது வலித்தால், எக்ஸ்ரே என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம்!

ஏனென்றால் இந்த எலும்பில் விழுகிற புது விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். அதனால்தான் 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள், அல்லது எம்.ஆர்.ஐ. எழுதுகிறார்கள். இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. இதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து உள்ளே நுழைந்து, பின்னோக்கி மணிக்கட்டுப் பக்கம் போகிறது. நடுவில் உடைந்தால் பின்துண்டுக்கு ரத்தம் நின்றுபோகலாம். அந்தத் துண்டு அப்படியே செத்துப்போகலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்திருந்தால், எலும்பு நகராத பட்சத்தில், இரண்டு மூன்று மாத மாவுக்கட்டோடு பெரும்பாலும் முடிந்திருக்கும். தம்பிக்கு இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுத்து வைத்து, ஸ்குரூ போட வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அந்தக் கையை ஊன்றி அவரால் தரையிலிருந்து எழ முடியாது.

"பத்து நாள்ல திரும்ப வாங்க" என்றால் திரும்பப் போங்கள். அலைய வைக்கிறார் என்று டாக்டரைத் திட்டிக்கொண்டாவது போங்கள்.

அடுத்து, நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று. விழுந்தவரைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர் எண்ணெய் பாட்டிலோடு வருவார். "சுளுக்குதான், நல்லா உருவி விட்டா சரியாயிடும்."

முழங்கையில் அடிபட்டவரை உருவ விடாதீர்கள்!

அடிபட்ட முழங்கையைப் போட்டுப் பிசைந்தால், சதைக்குள்ளேயே எலும்பு வளரக்கூடும். அப்படி வளர்ந்துவிட்டால் மூட்டு பூட்டிக்கொள்ளும். கை மடங்காது, நீளாது. தானாக ஆறியிருக்க வேண்டிய அடி ஆபரேஷன் வரை போகும். பாட்டி காலத்திலிருந்து செய்கிறோமே என்பார்கள். பாட்டி காலத்தில் மடங்காத கையோடு எத்தனை பேர் இருந்தார்கள் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை.

கெண்டைக்காலும் அப்படித்தான். காலில் மாவுக்கட்டு போட்டோ, ஆபரேஷன் முடிந்தோ வாரக்கணக்கில் படுத்திருப்பவருக்கு காலின் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறையலாம். ஒரு கால் மட்டும் வீங்கும், கெண்டைச்சதை கனத்து வலிக்கும், தொட்டால் சூடாக இருக்கும். அதை அமுக்கி விட்டால் உறைந்த கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். திடீரென்று மூச்சு வாங்குகிறதா, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துகிறதா? அது வாயுவாக இருக்கும் என்று ஓமம் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

மாவுக்கட்டோ, புத்தூர்க் கட்டோ, எந்தக் கட்டானாலும் சரி. கட்டிய பிறகு வலி குறைய வேண்டும். மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போனால், விரல்களை லேசாக நீட்டிவிட்டாலே உயிர் போகிற மாதிரி துடித்தால், விரல் மரத்தால், வெளுத்தால், நீலம் பாய்ந்தால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போகாதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நிற்கிறது. சில மணி நேரத்தில் சதை செத்துப்போகும். நள்ளிரவானாலும் கட்டைப் பிரிக்க வைக்க வேண்டும்.

இப்போது தலை. இதைத்தான் அதிகம் பேர் அலட்சியம் செய்கிறார்கள்.

தலையில் அடிபட்டவர் எழுந்து நடக்கலாம், பேசலாம், டீ குடிக்கலாம். அதற்குப் பிறகும் மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம்! 2020 டூர் டி பிரான்ஸ் போட்டியில் பிரெஞ்சு வீரர் ரொமாங் பார்டே 13-வது கட்டத்தில் விழுந்தார். எழுந்தவர் தள்ளாடினார். ஆனாலும் சைக்கிளில் ஏறி அன்றைய எல்லைக்கோடு வரை ஓட்டி முடித்தார். பிறகு ஸ்கேன் செய்து பார்த்தால் தலைக்குள் சிறிய ரத்தக்கசிவு. சுற்றிலும் கேமரா, பின்னால் காரில் டீம், கூடவே டாக்டர்கள். அத்தனை பேர் இருந்தும் அவர் மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டு போனார். பால் வாங்கப் போய் விழுந்த உங்கள் அப்பாவை யார் கவனிக்கப்போகிறார்கள்?

விழுந்த பிறகு வாந்தி திரும்பத் திரும்ப வருகிறதா? தலைவலி நேரம் ஆக ஆக ஏறுகிறதா? சொன்னதையே சொல்கிறாரா, எப்படி விழுந்தோம் என்பதே ஞாபகம் இல்லையா? ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிகிறதா? மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிகிறதா? பேச்சு குழறுகிறதா, வலிப்பு வந்ததா, எழுப்பினால் எழாமல் அசந்து தூங்குகிறாரா? இதில் ஒன்று இருந்தாலும் போதும். சி.டி. ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முதல் நாள் ராத்திரி அவரைத் தனியாகப் படுக்க விடாதீர்கள்.

வயதானவர்கள் விஷயத்தில் இரண்டு மடங்கு உஷார். இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்காகவோ ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் உஷார். அவர்களுக்குக் கசிவு மெதுவாக, வாரக்கணக்கில் சேரும். விழுந்ததையே வீட்டில் எல்லோரும் மறந்திருப்பார்கள். அப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுவார். பேரன் பெயரைக் குழப்புவார். வயசாகிவிட்டது என்று நாமும் விட்டுவிடுவோம். "போன மாசம் சைக்கிள்ல இருந்து விழுந்தார்" என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் வழி பிறக்கும்.

ரத்தக்கசிவு இல்லை, மூளை அதிர்ச்சி மட்டும்தான் என்றாலும் அடுத்த வாரமே ஏறக்கூடாது. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் தலையில் அடிபட்ட வீரர்களுக்கென்று 2020 டிசம்பரில் ஒரு விதிமுறை கொண்டுவந்தது. முதல் 24 முதல் 48 மணி நேரம் முழு ஓய்வு. தலைவலி, கிறுகிறுப்பு எல்லாம் அடங்கிய பிறகும் குறைந்தது ஒரு வாரம் போட்டி கிடையாது. ஜூனியர்களுக்கு இரண்டு வாரம். சம்பளம் வாங்கி ஓட்டுகிறவர்களுக்கே இந்தக் கட்டுப்பாடு. ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால் விபரீதம் பெரிது, பிள்ளைகளுக்கு இன்னும் பெரிது.

பிள்ளைகள் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தை விழும்போது ஹேண்டில்பார் திரும்பி அதன் நுனி வயிற்றில் குத்தும். வெளியே வட்டமாகச் சின்ன சிவப்புத் தழும்புதான் இருக்கும். உள்ளே கல்லீரல், மண்ணீரல், கணையம், சிறுகுடல் எதுவும் கிழிந்திருக்கலாம். அறிகுறி மறுநாளோ அதற்கு அடுத்த நாளோகூட வரலாம். சாப்பாட்டைத் தள்ளுவது, வாந்தி, முதுகுக்குப் பாயும் வயிற்றுவலி, வயிறு கட்டியாக இறுகுவது, அடியே படாத இடது தோளில் வலி. எதைக் கண்டாலும் சூடம் காட்டித் திருஷ்டி கழிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே உங்கள் வீட்டுப் பிள்ளையின் சைக்கிளைப் பாருங்கள். கைப்பிடி ரப்பர் தேய்ந்து இரும்புக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உடனே மாற்றுங்கள்.

சரி, எல்லாம் ஆறிவிட்டது, எப்போது ஏறலாம்?

2003 டூர் டி பிரான்ஸில் காறை எலும்பு விரிசலோடு ஓட்டி நான்காம் இடம் பிடித்த டைலர் ஹாமில்டன் கதையை உங்கள் சைக்கிள் நண்பர்கள் சொல்வார்கள். அவர் பிற்பாடு ஊக்கமருந்து விவகாரத்தில் மாட்டியதைச் சொல்ல மாட்டார்கள். அதெல்லாம் நமக்கு அளவுகோல் இல்லை. காறை எலும்பு பெரியவர்களுக்கு ஒட்டவே ஆறு வாரமாவது ஆகும். கெட்டிப்பட மூன்று மாதம் வரை போகும். பிளேட் வைத்திருந்தாலும் எலும்பு அதன் நேரத்தை எடுத்துக்கொள்ளும். சிகரெட் பிடிக்கிறவருக்கு இன்னும் தாமதம். சேராமலே போகவும் வாய்ப்பு உண்டு.

அதனால் காலண்டரைப் பார்த்து ஏறாதீர்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு நிச்சயமாக ஏறாதீர்கள். மாத்திரை எச்சரிக்கை மணியைத்தான் நிறுத்துகிறது.

டாக்டர் படம் பார்த்து சரி என்ற பிறகு, சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, மேலே உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பிரேக்கையும் முழு பலத்தோடு பிடியுங்கள். நாய் குறுக்கே வந்தால் பிடிக்கிற மாதிரி. சுருக் என்றால் இறங்கிவிடுங்கள். ஹேண்டில்பாரில் முழு உடம்புப் பாரத்தையும் ஊன்ற முடிகிறதா? வலது தோளுக்கு மேலாகத் திரும்பி, பின்னால் வரும் லாரியைப் பார்க்க முடிகிறதா? கழுத்து பாதியில் நின்றால் நீங்கள் ரோட்டுக்குத் தயாரில்லை. பிசியோவிடம் போங்கள்.

முதல் சவாரி ஆள் நடமாட்டம் குறைந்த, மேடுபள்ளம் இல்லாத தெருவில் போதும். கூட ஒருவர் வரட்டும். பழைய வேகக் கூட்டத்தோடு சேரவேண்டாம். "உனக்காக மெதுவா போறோம்" என்பார்கள், இரண்டாவது கிலோமீட்டரில் காணாமல் போவார்கள்.

அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போடுங்கள். வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். உள்ளே இருக்கும் வெள்ளை நுரை ஒரு முறை நசுங்கினால் இரண்டாவது முறை காப்பாற்றாது. விலை போட்டு வாங்கினோமே என்று தம்பிக்குத் தள்ளிவிடாதீர்கள், அவனுக்கும் தலை ஒன்றுதான். சிராய்ப்புக்கு டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று யோசியுங்கள். மண் ஒட்டிய காயம், ஐந்து வருடம் தாண்டிவிட்டது என்றால் டாக்டரிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கார்பன் சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஃபோர்க்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பெயின்டுக்கு அடியில் மயிரிழை விரிசல் இருந்தால் வெளியே தெரியாது. ஓடும்போது ஒரேயடியாக உடையும். வழக்கமான மெக்கானிக் "நல்லாத்தான் இருக்கு சார்" என்று தட்டிப் பார்த்துச் சொன்னால் போதாது, கார்பன் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021-லிருந்து இருக்கிறது. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. செலவுக்குப் பயந்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், 108-க்கு அடியுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை கழுத்தைத் திருப்பாதீர்கள். எழுப்பி உட்காரவைத்து சோடா கொடுக்க வருபவரைத் தடுத்து நிறுத்துங்கள். ஆஸ்பத்திரியில் நுழைந்ததும், அவர் தினமும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டை டாக்டர் கையில் கொடுங்கள்.