கடைத்தெருவில் எரிந்த விளக்கு: வங்கதேசம் சூரிய மின்சாரத்தை அறிந்த விதம்

வங்கதேசக் கிராமங்களில் 2003 முதல் 2018 வரை 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் கூரைமேல் சூரியத் தகடுகள் ஏறின. ஏறத்தாழ 2 கோடிப் பேர் அந்த வெளிச்சத்தில் வாழ்ந்தார்கள். மின்கம்பி எட்டாத வீடுகளுக்காக ஒரு நாடு நடத்திய திட்டங்களில் உலகிலேயே பெரியது இதுதான் என்கிறது உலக வங்கி. அரசுக்குச் சொந்தமான 'இட்கால்' நிதி நிறுவனம் உலக வங்கி முதலியவற்றின் பணத்தைக் கடனாகவும் மானியமாகவும் வழங்கியது. வீடு வீடாகச் சென்று விற்பதும், பொருத்துவதும், தவணை வசூலிப்பதும் உள்ளூர் அமைப்புகளின் பொறுப்பு. அவற்றுள் முன்னோடி, 1996இல் தொடங்கப்பட்ட 'கிராமீன் சக்தி'.

மின்சாரத்தின் அருமையைக் கிராமத்தாருக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர்களைத் தயங்கவைத்தவை சில நேரடியான சந்தேகங்கள்: மழைக்காலத்தில் விளக்கு எரியுமா? விலை கட்டுப்படியாகுமா? பழுதானால் யாரைத் தேடுவது? நாளைக்கே மின்கம்பி வந்துவிட்டால் போட்ட பணம் வீணா? இவற்றுக்குத் துண்டுப் பிரசுரம் பதிலாகாது.

முதல் சந்தேகம் கண்ணால் பார்த்துத்தான் தீர்ந்தது. கடைத்தெருவில் ஒரு கடையில் சூரிய விளக்கு எரிந்தால் சந்தைக்கு வரும் ஊரே அதைப் பார்க்கும். பக்கத்துக் கடையின் மண்ணெண்ணெய் விளக்கு புகைந்துகொண்டிருக்க, இங்கே வெளிச்சத்தில் வியாபாரம் இரவிலும் நடக்கும். மழை நாளில் அது எரிகிறதா என்பதையும் ஊரார் கவனித்தார்கள். வெயில் தலைகாட்டாத இரண்டு மூன்று நாட்களுக்குத் தாங்கும்படி பேட்டரியின் அளவு கணக்கிடப்பட்டிருந்தது. 50 வாட் தகடு ஒன்று நான்கு விளக்குகளையும் ஒரு சிறிய கறுப்பு வெள்ளை டி.வி.யையும் இயக்கியது.

விலைக்குத் தவணை வழி சொன்னது. சுமார் பத்து முதல் பதினைந்து சதவீதம் முன்பணம்; மீதி இரண்டு மூன்று ஆண்டுகளில் மாதத் தவணையாக. மண்ணெண்ணெய்க்கும் ரேடியோ பேட்டரிக்கும் ஏற்கெனவே மாதாமாதம் போய்க்கொண்டிருந்த பணத்தை எடுத்துக்காட்டி விற்பனையாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கடன் முடிந்தபின் எண்ணெய்ச் செலவும் இல்லை, தவணையும் இல்லை என்பது எளிதில் புரிந்தது.

பழுதுபார்ப்புக்குப் பயிற்சியே பதில். பொருத்த வந்தவர் வீட்டாருக்குப் பராமரிப்பையும் கற்றுக்கொடுத்தார். தகட்டின் தூசியைத் துடைக்கவேண்டும், மர நிழல் விழாமல் பார்க்கவேண்டும், பேட்டரியில் நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றவேண்டும். பேட்டரியின் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்த சுவரில் மாட்டிய சார்ஜ் கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிந்தால் பேட்டரியில் மின்சாரம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது கன்ட்ரோலரைத் தவிர்த்து டி.வி.யை நேரே பேட்டரியில் இணைத்தால் படம் ஓடும், ஆனால் பேட்டரியின் ஆயுள் குறையும். இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொண்ட வீட்டில் பேட்டரி ஆண்டுக்கணக்கில் உழைத்தது. கிராமீன் சக்தி தன் பயிற்சி மையங்களில் கிராமப் பெண்களுக்குக் கன்ட்ரோலரை இணைத்துத் தயாரிக்கவும் பழுதுபார்க்கவும் கற்றுக்கொடுத்தது. ஊர்ப் பெண்ணே பழுது நீக்க வருகிறாள் என்றபோது புதிய பொருளின் மீதிருந்த அச்சம் விலகியது. 2007இல் அந்த அமைப்புக்கு 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது.

கடைசிச் சந்தேகத்துக்கும் வழி காணப்பட்டது. வாங்கிய ஓராண்டுக்குள் மின்கம்பி வந்துவிட்டால், தேய்மானம் கழித்த விலைக்கு விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்வார் என்ற உறுதி தரப்பட்டது.

வெள்ளம் சூழும் பகுதிகளுக்கு வேறு வழி தேவைப்பட்டது. கட்டடக் கலைஞர் முகமது ரெஸ்வான் தொடங்கிய 'ஷிதுலாய்' அமைப்பு, 2002 முதல் சலன் பீல் நீர்ப்பரப்பை ஒட்டிய ஊர்களில் படகுப் பள்ளிகளை நடத்திவருகிறது. படகின் கூரையிலுள்ள சூரியத் தகடு வகுப்பறை விளக்குக்கும் கணினிக்கும் மின்சாரம் தருகிறது. பிள்ளைகளுக்குச் சூரிய மின்சாரம் பாடத்தில் படிக்கும் செய்தியாக இல்லாமல், தாங்கள் உட்கார்ந்து படிக்கும் வெளிச்சமாகவே அறிமுகமாகிறது.

வீட்டுக் கூரைத் தகட்டுத் திட்டத்தின் சறுக்கலிலும் பாடம் உண்டு. பின்னாளில் தரச்சான்று இல்லாத மலிவுத் தகடுகள் சந்தைக்கு வந்தன. வாங்கியவர்களுக்கு நல்லதையும் போலியையும் பிரித்தறியத் தெரியவில்லை. அரசு சில குடும்பங்களுக்கு இலவசமாகத் தந்தபோது, தவணை கட்டிக்கொண்டிருந்தவர்கள் தாங்கள் மட்டும் ஏன் கட்டவேண்டும் என்று கேட்டார்கள். மின்கம்பியும் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பரவியது. தவணை நிலுவை பெருகி, விற்பனை சரிந்தது. 2022இல் நாடு முழுவதும் மின்சாரம் சென்றடைந்ததாக அரசு அறிவித்தது. காரீய பேட்டரிகள் முறையாக மறுசுழற்சிக்குப் போகாவிட்டால் மண்ணும் நீரும் கெடும் என்பதால், பழையதைத் திரும்ப ஒப்படைக்கும் பழக்கத்தையும் மக்களிடம் வளர்க்கவேண்டியிருந்தது.

இப்போது கேள்விகள் மாறியிருக்கின்றன. மின்கம்பி வந்த வீடுகளில் கூரைத் தகட்டின் உபரி மின்சாரத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்துக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் நிகர அளவீட்டு முறையை வங்கதேசம் 2018இல் கொண்டுவந்தது. அந்தக் கணக்கு ரசீதில் எப்படி வரும், கூரையின் பரப்புக்கு எத்தனை கிலோவாட் பொருந்தும், உத்தரவாதத்துக்கு யார் பொறுப்பு என்பவை இன்று வீட்டுக்காரர் கேட்பவை. தரச்சான்றும், நியாயமான கடனும், கூப்பிட்டால் வரும் பழுதுபார்ப்பவரும் இருக்கும் ஊரில் இவற்றுக்கு விடை சொல்வது எளிது. இவை இல்லாத ஊரில் விழிப்புணர்வுப் பிரசாரத்தால் ஆகக்கூடியது மிகக் குறைவு.