மால்டாத் தீவும் அதன் மொழியும்

மத்தியதரைக் கடலின் நடுவே, சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 90 கிலோமீற்றர் தொலைவில் மால்டா நாடு அமைந்துள்ளது. அதன் தீவுகள் யாவற்றையும் சேர்த்தாலும் பரப்பு 316 சதுர கிலோமீற்றரே. உயர்ந்த மலையில்லை, வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. எங்கும் சுண்ணக்கல். ஆறில்லாத சுண்ணக்கற் பூமியின் இயல்பை யாழ்ப்பாணத்தவருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. அக்கல்லைக் கொண்டே அந்நாட்டார் வீடும் மதிலும் கோயிலும் எழுப்பினர். கோசோத் தீவிலுள்ள பழைய கற்கோயில்கள் எகிப்தியப் பிரமிட்டுகளுக்கும் மூத்தவை.

இத்துணைச் சிறிய நாட்டைப் பேரரசுகள் நாடியதேன்? கடல்வழிகளின் நடுவே ஆழமான துறைமுகம் வாய்த்திருந்தமையே காரணம். பினீசியர், கார்த்தேஜினர், உரோமர் என ஒருவர்பின் ஒருவராய் வந்தனர். கி. பி. 870இல் அராபியர் கைப்பற்றினர், பின்னர் நோர்மானியர். 1530இல் ஐந்தாம் சாள்ஸ் பேரரசர் இத்தீவைப் புனித யோவான் சங்க வீரருக்கு அளித்தார். ஆண்டுக்கு ஒரு வல்லூறே அவர்கள் செலுத்திய திறை! 1565இல் துருக்கியர் ஏறக்குறைய நான்கு மாதம் முற்றுகையிட்டும் ஏமாந்தே மீண்டனர். மறு ஆண்டில் வலெற்றா நகருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1798இல் நெப்போலியன் வந்தான்; 1800இல் பிரித்தானியர் வந்தனர்.

நிற்க, எம்மை வியப்பிலாழ்த்துவன கோட்டைகளல்ல, அம்மக்களின் மொழியே. மால்டிய மொழி அரபு மொழியினின்று கிளைத்தது. எழுதப்படுவதோ உரோம எழுத்தில். சொற்களில் ஏறத்தாழப் பாதி சிசிலி, இத்தாலி மொழிகளிலிருந்து புகுந்தவை. மக்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆயினும் அவர்கள் இறைவனை அழைக்கும் சொல் 'அல்லா' என்பதாம்! ஈஸ்ரருக்கு முன்வரும் தபசு காலத்தை 'ரன்டான்' என்பர். ரமழான் என்னும் சொல்லின் திரிபே அது. சமயம் மாறிய பின்னும் சொல் மாறவில்லை.

அம்மொழிக்கு நெடுங்காலம் மதிப்பிருந்ததில்லை. நீதிமன்றத்திலும் கற்றோர் அவையிலும் இத்தாலியமே கோலோச்சிற்று. தாய்மொழி அடுக்களைக்கும் வயலுக்கும் போதுமென ஒதுக்கப்பட்டது. டுன் கார்ம் என்னும் குருவானவரும் முதலில் இத்தாலியத்திலேயே கவிதை புனைந்தார். 1912இலேதான் தாய்மொழியிற் பாடத் தொடங்கினார். பாடசாலைப் பிள்ளைகளுக்கென அவர் இயற்றிய பாட்டே இன்று அந்நாட்டின் தேசிய கீதம்.

1934இல் ஆங்கிலத்துடன் மால்டிய மொழியும் அரசகரும மொழியாயிற்று. 1964இல் நாடு சுதந்திரம் பெற்றது. 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தபோது, நான்கு இலட்சம் மக்களே பேசிய அம்மொழி பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளோடு சரியாசனம் பெற்றது. மொழிபெயர்ப்பாளர் போதாமையால் முதல் மூன்றாண்டுகள் ஒன்றியத்தின் ஆவணங்கள் யாவும் அம்மொழியில் வெளிவரவில்லை. 2007இல் அக்குறையும் நீங்கிற்று.