ஊர்ப்பெயரின் தலையும் வாலும்

திருக்கழுக்குன்றம் என்ற பெயரில் கழுகும் குன்றும்தான் பொருள் தருபவை. முன்னால் நிற்கும் ‘திரு’ குன்றை உயரமாக்குவதில்லை. கோயில் கொண்ட ஊர் என்ற மதிப்பைத் தருகிறது. திருப்போரூர், திருவிடந்தை, திருக்கச்சூர் எல்லாம் அப்படியே. தமிழில் முன்னால் வந்து பொருளையே திருப்பும் ஒட்டுகள் குறைவு. அக்கரை, இக்கரை, எக்கரை என்னும் சுட்டும் வினாவும் அந்தச் சிலவற்றில் சேரும். பெரும்பாலான வேலை சொல்லின் கடைசியில் நடக்கிறது. மீன் மீனவர் ஆகிறது. சிற்பம் சிற்பி ஆகிறது. வலையில் மீன் படும், படாது என்கிற எதிர்மறைகூடப் பின்பாதியில்தான் வருகிறது.

செங்கல்பட்டு வட்டார ஊர்ப்பெயர்களின் பின்னொட்டுகள் ஒருகாலத்தில் தனிச்சொற்கள். பாக்கம் என்றால் சங்க காலத்தில் கடற்கரை ஊர், பட்டினம் துறைமுகம், குப்பம் மீனவர் குடியிருப்பு, தாங்கல் சிறிய ஏரி. வேடந்தாங்கலில் இன்றும் ஏரி உண்டு, பறவைகளே சாட்சி. ஆனால் அச்சிறுபாக்கத்தில் கடலைத் தேட முடியாது. பல ஊர்களுக்கு ஒட்டி ஒட்டி, ‘பாக்கம்’ தன் உப்புக்காற்றை இழந்து வெறும் ‘ஊர்’ ஆகிவிட்டது. சதுரங்கப்பட்டினம் டச்சுக்காரர் காலத்தில் ‘சட்ராஸ்’ ஆனபோதோ, வால் மொத்தமாகவே அறுந்தது.

தலையும் வாலும் அப்படியே இருக்க, நடுவுடல் மாறுவதும் உண்டு. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர் மாமல்லன். மா, மல்லன், புரம் சேர்ந்தது மாமல்லபுரம். மகாபலிபுரம் என்னும்போது ‘மா’வும் ‘மகா’வும் ஒன்றுதான், மல்லன் இருந்த இடத்தில் பலிச்சக்கரவர்த்தி வந்து உட்கார்ந்துவிட்டார். 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் அந்தப் பெயரே. செங்கழுநீர்ப்பட்டுதான் செங்கல்பட்டு ஆனது என்பார்கள். அப்படியானால் ‘பட்டு’ தப்பித்தது, பூ செங்கல்லாயிற்று.

வடமொழி முன்னொட்டின் வேகம் வேறு. ‘சலம்’ அசைவது, முன்னால் ஓர் ‘அ’ சேர்ந்தால் ‘அசலம்’, அசையாதது, அதாவது மலை. திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிப் பெற்ற பிள்ளைக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேதாசலம். தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய 1916-ஐ ஒட்டி அவர் வேதத்தை மறை என்றும் அசலத்தை மலை என்றும் மாற்றி மறைமலை அடிகள் ஆனார். அந்த ‘அ’வுக்குத் தமிழில் வேலை இல்லாமல் போயிற்று; மலை என்றாலே போதும். பின்னாளில் செங்கல்பட்டுக்கு வடக்கே எழுந்த புதிய ஊருக்கு அவர் பெயரை வைத்தபோது, அதன் வாலில் ‘நகர்’ சேர்ந்தது.