கதையோடு வந்த கோடுகள்

ஜோகூரில் கூலாய், ரெங்கம், லாயாங்-லாயாங் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களின் வீட்டு அலமாரிகளில் இன்னும் சில பழைய பைண்டுகள் கிடக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வந்த விகடன், கல்கி இதழ்களின் தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்தெடுத்துச் சேர்த்து, நூலால் தைத்து, காலிகோ அட்டை போட்டவை. பத்திரிகை ஓவியங்களுக்கு இவற்றைவிட நல்ல ஆவணக் காப்பகம் நமக்கு வாய்க்கவில்லை.

அண்மையில் கூலாயில் அப்படியொரு பைண்டைப் புரட்டினேன். 1963இல் விகடனில் சாவி எழுதிய 'வாஷிங்டனில் திருமணம்'. படங்கள் கோபுலு. குடுமி வைத்த சாஸ்திரிகளும் கோட்டு போட்ட வெள்ளைக்காரர்களும் ஒரே படத்துக்குள் நிற்கிறார்கள். ஒரு முகம் இன்னொன்றைப் போல இல்லை. சாஸ்திரியின் தொந்திக்கு ஒரே ஒரு வளைகோடு. தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே எழும்பியது என்பதுவரை தெரிகிறது.

தஞ்சாவூரில் 1924இல் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர் கோபுலு. தேவன் கதைகளின் மனிதர்களையும், கொத்தமங்கலம் சுப்புவின் தில்லானா மோகனாம்பாளையும் வாசகர்கள் இவர் வரைந்த முகங்களோடுதான் நினைவில் வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் வலக்கை முடங்கியபோதும் ஓயவில்லை. இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். 2015இல் மறைந்தார்.

மூலப்படங்கள் எங்கே? அந்தக் காலத்தில் அச்சுக்கு பிளாக் எடுத்து முடிந்ததும், வரைந்த தாளை யாரும் தேடமாட்டார்கள். பத்திரிகை ஓவியங்களில் எத்தனையோ அப்படித்தான் தொலைந்தன. அமெரிக்காவில் வாஷிங்டன் இர்விங்கின் 'ரிப் வான் விங்கிள்' கதைக்கு டார்லி வரைந்த படங்களை, 1848லேயே தனிப் புத்தகமாக அச்சிட்டார்கள். இங்கோ, தொடர்கதை நூலாக வரும்போது படங்களை உருவிவிடுவது பல பதிப்பாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது. எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் செய்த அநியாயம் இது.

நம் ஊர் ஈரக்காற்றும் இராமபாணப் பூச்சியும் காத்திருக்கப் போவதில்லை. பைண்டைப் பிரிக்காதீர்கள், கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். இதழின் தேதி தெரியும்படி, முழுப்பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். 2019இல் நின்றுபோன தமிழ் நேசனின் பழைய ஞாயிறு பதிப்புகள் இருந்தால், அவற்றில் நம் நாட்டு ஓவியர்கள் கதைகளுக்கு வரைந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடு மாறும்போது பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாமல், மலாயாப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ முதலில் எழுதிக் கேளுங்கள்.